பெட்டி வராத நாட்கள்

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்யும் கடை என்னுடையது. மனு, விண்ணப்பம், விளக்கக் கடிதம், ஆட்சேபணை என்று எதுவானாலும் தமிழில் எழுதி அடித்துக் கொடுப்பேன். என் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் லியோ பிரபு இருக்கிறான். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பான். லாரிகளுக்கு எடை போடும் மேடைகளுக்கு விண்டோஸ் புரோகிராம் எழுதிக் கொடுப்பான்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை என் முன்னால் வந்து உட்கார்ந்து, "அண்ணே, ஒரு லெட்டர் அடிக்கணும்" என்றான். அனுப்புநர் சொன்னான். பெறுநர் சொன்னான். 'பொருள்' என்று அடித்து நிமிர்ந்தேன். அவன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அது வரைக்கும் அடிச்சி வைங்க, வரேன்" என்று எழுந்து போய்விட்டான்.

பொருளுக்குப் பிறகு என்ன வரவேண்டும் என்பது அப்போது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இப்போது முழுதாகத் தெரியும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அந்தக் கடிதம் அரியலூர் போய்ச் சேராவிட்டால், அனிதா மேரி என்கிற பெண்மணியின் மேல் போலீசில் புகார் கொடுக்கப்போகிறார்கள். அவர் செய்யாத ஒன்றுக்காக.

கடிதம் நகரவில்லை. அதனால் கதை எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் நடந்ததை மட்டும்தான் எழுத முடியும். கதை என்றால் நடந்ததற்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நிற்கலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். லியோவிடம் கேட்டேன். "எழுதிக்கங்க. ஊர மட்டும் மாத்தாதீங்க, அப்பறம் பஸ்ஸெல்லாம் தப்பாப் போயிடும்" என்றான்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"செந்துறை ரோட்டு வளைவில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி இடது பக்கமாகச் சாய்ந்தபோது, டிரைவர் பாவாடை ஸ்டியரிங்கை …"

இதை இங்கேயே விட்டுவிட்டேன். நான் அங்கே இல்லை, லியோவும் இல்லை. அதுவுமல்லாமல், ஒரு லாரி கவிழ்ந்தால் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் போகும். இந்தக் கதையில் தவறு நடந்தது அதற்கு நான்கு மாதம் முன்னால். சத்தமே இல்லாமல், ஃபேன் ஓடிக்கொண்டிருந்த ஓர் அறையில்.

இரண்டாம் தொடக்கம்:

"விண்டோஸ் புரோகிராமில் ஏதாவது தவறினால் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழும். அதில் என்ன தவறு என்று ஒரு வரியும், கீழே ஒரு பட்டனும் இருக்கும். அந்தப் பட்டனை அழுத்தும்வரை பின்னால் இருக்கும் எதையும் தொடவிடாது."

பாடப் புத்தகத்தின் வாடை அடிக்கிறது. ஆனாலும் நீக்கிவிடவில்லை. இது தெரியாமல் மேலே போனால் உங்களுக்குச் சிரமம்.

மூன்றாம் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

3

பிப்ரவரியில் ஒரு நாள் காலை பதினொன்றரை மணிக்கு லியோ பிரபுவின் போன் அடித்தது.

"தம்பி, பொட்டி வந்துருச்சு."

"என்னக்கா போட்டுருக்கு?"

"இங்கிலீசுல போட்டுருக்கு."

"படிங்க."

"நான் படிச்சி நீ வெளங்கிக்கிறதுக்குள்ள பொழுது போயிடும். எழுத்து எழுத்தாச் சொல்றேன், எழுதிக்க. சி. ஓ. யு. எல். டி. அப்பறம் எடம் விட்டுருக்கு."

பின்னால் லாரி ஹாரன். ஒன்றை ஒன்று மிஞ்சிக்கொண்டு நாலைந்து.

"கேக்கலக்கா."

"இவனுங்க கைய வச்சா எடுக்க மாட்டானுங்க. யோவ் பாவாட! ஹாரன உட்டுக் கைய எடுய்யா, இங்க மிசினு படுத்துருச்சு! நீ அடிக்கிற அடியில அதுவா எந்திரிச்சி ஒக்காரப் போவுது? … எங்க உட்டேன்?"

"டி."

"ஆங். என். ஓ. டி."

இப்படியே ஒரு வாக்கியம் முழுவதும் வந்து சேர்ந்தது. கோப்பைப் பயன்படுத்த முடியவில்லை, வேறு யாரோ ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

"கீழ என்ன பட்டன் இருக்குக்கா?"

"ஓகேன்னு இருக்கு. ஒண்ணுமே ஓகே இல்ல, ஆனா ஓகேன்னுதான் போட்டுருக்க நீ."

லியோ சிரித்துவிட்டான். அனிதா மேரி சிரிக்கவில்லை.

அவருக்கு நாற்பத்தொரு வயது. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. லியோவுக்கும் அதே ஊர், அதே மாதா கோயில் பங்கு. தினம் இரண்டு பஸ் மாறி, அரியலூருக்கு வெளியே செந்துறை ரோட்டில் இருக்கும் குழந்தைவேலுவின் எடை மேடைக்கு வருவார். ஏழு வருடமாக அங்கே கம்ப்யூட்டரில் உட்காருவது அவர்தான். மகள் இன்னாசிமேரி திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். இந்த வேலைக்கு அனிதா மேரியின் பெயரைச் சொன்னதே லியோதான்.

"பெட்டி வரும்போதெல்லாம் தேதி, நேரம், என்ன போட்டுருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்கக்கா" என்று சொல்லி வைத்தான். எழுதி வைத்தார். வாரத்துக்கு மூன்று, நான்கு. எல்லாம் காலை பதினொன்றை ஒட்டி, அல்லது மாலை நாலை ஒட்டி. அந்த ஆங்கில எழுத்துகளை அவர் ஒவ்வொரு முறையும் பெரிய எழுத்தில், கோடு தாண்டாமல் எழுதியிருக்கிறார்.*

* முதல் வரைவில் அனிதா மேரியை மிகவும் பொறுமையானவராக எழுதியிருந்தேன். லியோ படித்துவிட்டு, "இது அக்கா இல்லண்ணே, சிலுவப் பாதை சுரூபம் மாரி இருக்கு" என்றான். மாற்றினேன்.

4

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி லியோ நேரில் போனான். இந்தப் பகுதியை அவன் மூன்று முறை எனக்குச் சொல்லியிருக்கிறான். மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னான். ஒரே மாதிரி சொல்லப்படும் விஷயங்களில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் எழுதுகிறேன்.

அரியலூரில் இறங்கி, செந்துறை பஸ் ஏறி, எடை மேடைக்கு எதிரில் இறங்கும்போது பதினொன்று ஆகப் பத்து நிமிடம். ஆறு லாரி வரிசையில் நின்றது. அறைக்குள் அனிதா மேரி வண்டி எண்ணை அடித்தார். சிவப்பு எழுத்தில் எடை வந்து நின்றது. 'சேவ்' பட்டனை அழுத்தினார். அப்படி அழுத்தினால் எடை டேட்டாபேஸ் கோப்பில் பதிவாகவேண்டும், இரண்டு சீட்டு அச்சாகவேண்டும். வெள்ளை டிரைவருக்கு, மஞ்சள் ஆபீஸ் கட்டுக்கு. அதற்குப் பதிலாக நடுவில் பெட்டி எழுந்தது.

"பார்த்தியா? நான் பொய்யா சொல்றேன்?"

லியோ முப்பது அடி பின்னால் இருந்த ஆபீஸ் அறைக்கு நடந்தான். குழந்தைவேலுவின் மகன் ராஜாவின் கம்ப்யூட்டரில் அதே டேட்டாபேஸ் திறந்து கிடந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. ராஜா டீ டம்ளரோடு வந்தான்.

"ஃபேக்டரிக்கு எடை லிஸ்ட் அனுப்பணும்ணே. தெனம் ரெண்டு வாட்டி. நான் தொறக்காம எப்படி?"

"தொறங்க. வேல முடிஞ்சதும் மூடிடுங்க."

"மூடிட்டுத்தான் போவேன். சில நேரம் டீ ஆறிடும்ல."

முதல் வரைவில் ராஜாவைத்தான் வில்லனாக்கினேன். வசதியாக இருந்தது. கழுத்தில் சங்கிலி கூடப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கோப்பை ஒருவர் திறந்தால் மற்ற யாரும் தொட முடியாதபடி முழுசாகப் பூட்டிக்கொள்ளும் என்று அமைத்தது ராஜா இல்லை. இரண்டு வருடம் முன்பு, அந்த லிஸ்ட்டை எடுப்பதற்காக அவசரத்தில் அப்படி எழுதிக் கொடுத்தவன் லியோ. சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.

சரியாகத் திருத்துவதென்றால் லிஸ்ட் எடுக்கும் பகுதியையே மாற்றி எழுதவேண்டும். லியோ குழந்தைவேலுவிடம் சொன்னான்.

"ரெண்டு நாள் ஆகுங்க."

"ரெண்டு நாளா? தம்பி, எனக்கு இந்த டெக்னிக்கு எல்லாம் வேணாம். பொட்டி வரக்கூடாது. பொட்டி வந்தா லாரி நிக்கிது. லாரி நின்னா அவன் அடுத்த மேடையப் பாத்துப் போயிடுறான். இன்னைக்கி சாயங்கால பஸ்ஸுக்குள்ள முடிச்சிக் குடுத்துட்டுப் போ."

லியோ அனிதா மேரியின் நாற்காலியில் உட்கார்ந்தான். புரோகிராமில் எடையைப் பதிவு செய்யும் பகுதியைத் திறந்தான். அதன் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தான்.*

* ஆங்கிலத்தில் நான்கு சொல். தமிழில் சொன்னால்: பிழை நேர்ந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது இதை எழுதியிருப்பார்கள் என்கிறான் லியோ. எல்லோரையும் நான் விசாரிக்கவில்லை.

அந்த வரிக்குப் பிறகு என்ன ஆகும் என்பதை நிதானமாகச் சொல்கிறேன், கதை இதன் மேல்தான் நிற்கிறது. ராஜா கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது அனிதா மேரி 'சேவ்' அழுத்தினால் எடை பதிவாகாது. ஆனால் பெட்டியும் வராது. சீட்டு அச்சாகும், ஏனென்றால் திரையில் இருப்பதைத்தான் அது அச்சடிக்கிறது. அடுத்த சீட்டுக்கான புது எண்ணைக் கோப்பிடம் போய்க் கேட்கும். கோப்பு பூட்டியிருப்பதால் பதில் வராது. பழைய எண்ணே திரையில் நிற்கும். அடுத்து வரும் லாரிக்கும் அதே எண்ணில் சீட்டு போகும்.

அவன் சோதித்துப் பார்த்தானா? பார்த்தான். நான்கு லாரிகள் ஏறி இறங்கின. பெட்டி வரவில்லை, எண்கள் வரிசையாக வந்தன. அந்த நேரத்தில் ராஜா கோப்பை மூடியிருந்தான்.

"அடுத்த வாரம் வந்து முழுசாப் பண்ணிக் குடுத்துடறேன்க்கா" என்றான் லியோ.

அடுத்த வாரம் அவன் …

5

நோட்டில் ஏப்ரல் பதினொன்றாம் தேதிக்குப் பிறகு எழுத்தே இல்லை. (பன்னிரண்டாம் தேதிப் பெட்டியை லியோவே பார்த்துவிட்டதால் அதை எழுதவில்லை.) மே இல்லை, ஜூன் இல்லை, ஜூலை இல்லை.

மே மாதக் கடைசியில் அனிதா மேரி ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் வறுத்த முந்திரி ஒரு பை கொடுத்தனுப்பினார். போனிலும் சொன்னார்: "உன் கைராசி தம்பி. அன்னைக்கி வந்து தொட்டுட்டுப் போன, அதோட சரி. பொட்டியே எட்டிப் பாக்கல." லியோ, "சரிக்கா" என்றான். அந்த முந்திரியில் பாதியைத் தடுப்புக்கு மேலாக எனக்கு நீட்டினான். நான் தின்றேன். அதையும் சொல்லிவிடவேண்டும்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி பாவாடையின் லாரி செந்துறை ரோட்டு வளைவில் கவிழ்ந்தது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதிக பாரம்தான் காரணம் என்றார்கள். பாவாடை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சட்டைப் பையிலிருந்து வெள்ளைச் சீட்டை எடுத்துக் காட்டினார். எண் 4127. காலை 11.14. எடை 27,640 கிலோ. அந்த வண்டிக்கு அனுமதி இருபத்தெட்டரை டன்.

விசாரிக்க வந்த அதிகாரி எடை மேடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் 4127ஐப் பார்க்கச் சொன்னார். வேறொரு லாரி இருந்தது. காலை 11.22. பாவாடையின் லாரி அன்றைய பதிவில் எங்குமே இல்லை.

அடுத்து வருவது குழந்தைவேலுவின் ஆபீஸ் அறை. சென்ற புதன்கிழமை. லியோவையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரே நம்பர்ல ரெண்டு சீட்டு எப்படிம்மா வரும்? நீயே சொல்லு" என்றார் குழந்தைவேலு.

"எனக்கு எப்படிங்க தெரியும்? வண்டி ஏறுச்சு, எடை பாத்தேன், அமுக்குனேன், சீட்டு வந்துச்சு. ஏழு வருசமா இதத்தான பண்றேன்."

"அக்கா, பாரத்தக் கொறச்சிச் சீட்டக் குடுத்துட்டு அப்பறமாப் பதிவ அழிச்சிட்டீங்களோன்னு ஆபீசர் கேக்குறாரு" என்றான் ராஜா. அவன் தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

"அழிக்கிறதா? எனக்கு அந்த ரூம்புல ஃபேன் சுவிச்சத் தவிர எதையும் அணைக்கத் தெரியாது ராஜா."

"அப்ப கம்ப்யூட்டரே தானா அழிச்சிக்கிச்சா?"

குழந்தைவேலு லியோ பக்கம் திரும்பினார். அவருக்கும் பயம் இருந்தது. மேடைக்கு லைசென்ஸ் போய்விட்டால் அங்கே வேலை செய்யும் ஒன்பது பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"தம்பி, நீ சொல்லு. கம்ப்யூட்டர்ல இருக்கறது தப்பா இருக்குமா?"

லியோ எல்லோரையும் பார்த்தான், அனிதா மேரியைத் தவிர.

"கம்ப்யூட்டர்ல இருக்கறது சரியாத்தாங்க இருக்கும்."

"அத எழுதிக் குடு."

அதையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். கடிதங்களில் இது முதலாவது. 'கணினியில் பதிவாகியுள்ளவையே மெய்யானவை எனச் சான்றளிக்கிறேன்.' 'சரியானவை' என்றுதான் லியோ சொன்னான். 'மெய்யானவை' என்று மாற்றியது நான். கனமாக இருக்கும் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டு, புதன்கிழமை மாலையே அனுப்பிவிட்டான்.

அனிதா மேரியை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். திங்கள் காலை பத்து மணிக்குக் குழந்தைவேலு ஸ்டேஷனுக்குப் போவதாக முடிவானது.

6

இந்த இடத்தில் எனக்கு லியோ மேல் சந்தேகம் வருகிறது.

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவனுக்குத் தெரியுமா? கேட்டேன். "அப்பத் தெரியாதுண்ணே" என்றான். ஏப்ரலில் எழுதிய வரி மறந்தே போயிருந்ததாம். மறந்திருக்கலாம். ஆனால் ஏன் அனிதா மேரியை மட்டும் பார்க்கவில்லை? (அவன் பார்க்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. அது நான் எழுதியது. எழுதிவிட்டு அவனிடம் படித்துக் காட்டினேன். அவன் மறுக்கவில்லை.)

கதை எழுதுகிறவனுக்கு இரண்டு வழி இருக்கிறது. தெரிந்தே சொன்னான் என்று எழுதினால் நீங்கள் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். தெரியாமல் சொன்னான் என்று எழுதினால் அவனுக்காக உச்சுக்கொட்டிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அவன் கொஞ்சம் முயற்சி எடுத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். நானும் அப்படி எடுப்பதுண்டு.

நிச்சயமாகத் தெரிந்தது வியாழக்கிழமை. அந்தப் பெண் வேறு என்னென்ன அழித்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லி, நான்கு மாத மஞ்சள் சீட்டுக் கட்டுகளையும் டேட்டாபேஸின் நகலையும் குழந்தைவேலுவே கொடுத்தனுப்பியிருந்தார். லியோ கட்டுகளைப் பிரித்து மேசையில் அடுக்கினான். ஒரே எண்ணில் இரண்டு சீட்டு, பதினேழு ஜோடி. எல்லாம் பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள், இல்லையென்றால் நாலிலிருந்து நாலரைக்குள்.

பிறகு தன் கடையிலேயே இரண்டு கம்ப்யூட்டரை இணைத்தான். ஒன்றில் கோப்பைத் திறந்து பூட்டினான். மற்றதில் 'சேவ்' அழுத்தினான். சீட்டு வந்தது. எண் மாறவில்லை. பெட்டி வரவில்லை.

தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குப் பிரிண்டர் சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்தி, மறுபடியும். நிறுத்தி, மறுபடியும். பதினொரு முறை.

அந்தப் புரோகிராமையே ஏப்ரலுக்குப் பிறகு வேறு ஐந்து மேடைகளுக்கும் கொடுத்திருக்கிறான். ஐந்திலும் அந்த வரி இருக்கிறது.

7

சனிக்கிழமை மதியம் அனிதா மேரி பெரம்பலூர் வந்தார். லியோ அவரைக் கூப்பிடவில்லை. நான் தடுப்பின் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பிளைவுட் எதையும் மறைக்காது, முகத்தைத் தவிர.

"வாங்கக்கா. சாப்டீங்களா?"

"அரியலூர்ல ஒரு டீ குடிச்சேன். உன் கடை ஃபேன் ஓடாதா? கம்ப்யூட்டருக்குத்தான் காத்து, மனுசனுக்கு இல்லியா?"

ஃபேன் ஓடும் சத்தம். நாற்காலி இழுபட்டது.

"இந்தா, நோட்டக் கொண்டாந்துருக்கேன். நீ எழுதச் சொன்ன நோட்டுதான். ராத்திரி பூரா இதையே பாத்துட்டுக் கெடந்தேன். பிப்ரவரி பதினாலு, பொட்டி. பதினாறு, பொட்டி. மார்ச்சுல பாரு, ஒரே நாள்ல ரெண்டு. ஏப்ரல் பதினொண்ணு, பொட்டி. அதோட சரி."

லியோ நோட்டின் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் என்ன நெனச்சேன்னா தம்பி, பொட்டி வந்தா எங்கியோ தப்பு. வரலன்னா எல்லாம் சரி. அப்படித்தான?"

லியோ கீபோர்டில் எதையோ தட்டினான்.

"அப்படித்தானன்னு கேக்குறேன்."

"அப்படி … அப்படித்தான்க்கா இருக்கணும்."

"அப்ப ஆறாந்தேதி ஏன் வரல? பாவாட வண்டி ஏறுனது எனக்குக் கண்ணுல நிக்கிது. அவன் எறங்கி வந்து, 'என்னா மேரியம்மா, இன்னைக்கி மிசினு எந்திரிச்சி ஒக்காந்துருக்கா'ன்னு கேட்டுட்டுத்தான் போனான். நானா கண்ட கனவா அது?"

"இல்லக்கா."

"நீ படிச்சவன். நீ எழுதுனதுதான அது. நீயே கம்ப்யூட்டர் சரின்னுட்ட. சரின்னா நான்தான தப்பு? அத எனக்குப் புரியிற மாரி சொல்லு. நான் அழிச்சிருந்தா எந்தக் கையால அழிச்சேன்னாச்சும் சொல்லு. எம்மவ காலேசுலேருந்து போன் போட்டு, 'என்னம்மா சொல்றாங்க'ங்கறா. அவளுக்குச் சொல்றதுக்காவது எனக்குத் தெரியணுமில்ல."



அடுத்து லியோ சொன்னதை நான் உண்மையிலேயே கேட்டேன். கற்பனை இல்லை. "திங்கக்கெழம வரைக்கும் பொறுங்கக்கா" என்றான்.

"பொறுக்கறதுக்கு என்ன, வேலையா வெட்டியா. போயிட்டு வரேன்" என்று அவர் எழுந்தார். வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்த லெட்டர அடிச்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எழுத்து நல்லா பளிச்சுனு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். குத்தலாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

8

முடிவுகள். என்னிடம் நான்கு இருக்கின்றன. (முதலில், திரையில் ஒரு பெட்டி எழுந்து 'ஆம்', 'இல்லை' என்று வாசகரைக் கேட்பது போல ஒன்று எழுதினேன். சாமர்த்தியமாக இருந்தது. அந்தச் சாமர்த்தியத்துக்காகவே கிழித்துவிட்டேன்.)

ஒன்று. லியோ டேட்டாபேஸில் கை வைத்து, விடுபட்ட பாவாடை லாரியை அவனே உள்ளே சேர்த்துவிடுகிறான். இது கற்பனை இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் தன்னிடமிருந்த நகலில் செய்தே காட்டினான். நான்கு நிமிடம் ஆனது. "பாத்தீங்களாண்ணே, உள்ள வந்துருச்சு. முதல்ல தேடுனப்ப கண்ணுல படலன்னு சொல்லிக்கலாம். ஒருத்தனும் கண்டுபுடிக்க முடியாது. அக்காவும் தப்பிச்சிடும், பாவாடையும் தப்பிச்சிடுவாரு." தப்பிப்பவர்களில் அவன் தன்னைச் சேர்க்கவில்லை, நான் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க எனக்கு இந்த முடிவு பிடித்திருந்தது. அதையும் சொல்லவேண்டும். இதனால் யாருக்கும் கெடுதல் இல்லையே. சனிக்கிழமை அந்த அம்மாள், எந்தக் கையால் அழித்தேன் என்று கேட்டதைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. அனிதா மேரி செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தை, அந்தக் கோப்பில் முதன்முதலாக ஒருவன் உண்மையிலேயே செய்திருப்பான்.

இரண்டு. 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில பதிவுகள் விடுபட்டிருக்க வாய்ப்புள்ளது.' வெள்ளிக்கிழமை மாலை நானே அடித்து வைத்தது. இருபது வருடமாக இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மனுக்களில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் நேர்ந்துவிடும். வாங்கிப் போகிறவர்களும் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் குழந்தைவேலு இதைப் படித்துவிட்டு, "கோளாறுன்னா யாரு கோளாறு?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, அந்த மிஷின் முன்னால் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தது யார் என்று பார்ப்பார்.

மூன்று. கடிதமே இல்லை. லியோ ஆறு மேடைகளுக்கும் பஸ்ஸில் போய் அந்த வரியை எடுத்துவிட்டு வருகிறான். அதன் பிறகு எங்கும் எதுவும் விடுபடாது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அனிதா மேரியின் வீட்டு வாசலில் …

இதற்கு மேல் எழுத முடியவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

நான்கு. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து லியோ நேராக என் கடைக்கு வந்தான். நான்தான் கேட்டேன், "நடந்தத நடந்த மாரி அடிச்சிப் பாக்கட்டுமா?" தலையாட்டினானா, கழுத்தைச் சொடுக்கினானா தெரியவில்லை. அடித்தேன்:

'பொருள்: எடைச் சீட்டு எண் 4127 – என்னுடைய தவறு.

ஐயா, கடந்த ஏப்ரல் 12 அன்று தங்கள் எடை மேடையின் புரோகிராமில் பிழைச் செய்தி வராதபடி நான் நிறுத்தினேன். பிழையை நிறுத்தவில்லை. அதனால் ஆகஸ்ட் 6 வரை பதினேழு லாரிகளின் எடை பதிவாகவில்லை. அவற்றின் மஞ்சள் சீட்டுகளை இத்துடன் வைத்துள்ளேன். திருமதி அனிதா மேரி எதையும் அழிக்கவில்லை. ஓட்டுநர் பாவாடையின் சீட்டு உண்மையானது. சென்ற புதன்கிழமை நான் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்று தவறானது. இதே குறை நான் எழுதிக் கொடுத்த வேறு ஐந்து மேடைகளிலும் உள்ளது.'

அடித்து முடித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அலங்காரமே இல்லை. ஒன்பது வரி கூட வரவில்லை. லியோ படித்தான். 'வேறு ஐந்து மேடைகள்' என்ற இடத்தில் விரலை வைத்தான்.

"இது வேணுமாண்ணே?"

"வேண்டாம்னா எடுத்துடறேன்."

அவன் விரலை எடுக்கவில்லை. வரியை எடுக்கச் சொல்லவும் இல்லை.

9

இன்று திங்கட்கிழமை.

காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே லியோ வாசலில் நின்றான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை.

"ரெண்டு காப்பி எடுங்கண்ணே."

"ஒண்ணு குழந்தைவேலுக்கு. இன்னொண்ணு?"

"அக்காவுக்கு. 'எம்மவளுக்கு என்னத்தச் சொல்றது'ன்னு கேட்டுச்சுல்ல."

எடுத்தேன். அந்த ஐந்து மேடை வரி உள்ளே இருக்கிறது. மஞ்சள் சீட்டுகளையும் ஒரு காப்பியையும் ஒரு கவரில் போட்டான், மற்றதை இன்னொரு கவரில். நான் மேசையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினேன். பேனாவைப் பார்த்தான். ஸ்டாண்டுக்குள் ஹாரன் கேட்டது.

"பஸ்ஸு எடுக்கப் போறான். போற வழியில போட்டுக்கறேன்."

"ஆடுற பஸ்ஸுல கையெழுத்து நல்லா வராதுடா. இங்கியே போட்டுட்டுப் போ."

"வரும்ணே" என்றபடியே ஓடினான். பேனா என் கையிலேயே இருந்தது.

இதை எழுதும்போது மணி எட்டு ஐம்பது. எட்டு இருபது பஸ். ஒன்பதேகாலுக்கு அரியலூர். அங்கிருந்து செந்துறை பஸ் பிடித்தால் பத்து மணிக்கு முன்னால் எடை மேடை வாசலில் நிற்கலாம். அதே ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் பஸ்ஸும் நிற்கும், அதில் ஏறினால் அனிதா மேரி வீட்டுப் பக்கம் போகலாம், ஆனால் பத்து மணி தாண்டிவிடும். பெரம்பலூர் திரும்பும் பஸ்ஸும் அங்கேதான் நிற்கும். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இதுவரை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவன் என்ன சொன்னாலும் அதை இங்கே எழுதிவிடுவேன், எழுதினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

கையெழுத்தில்லாத கடிதத்தை யாரும் வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் அது யாருடைய கடிதமும் இல்லை.

அதனால் என்னால் முடிந்த ஒன்றைச் செய்கிறேன். அந்த பஸ்ஸில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் அவனுக்குப் பக்கத்து சீட்டில் உங்களை உட்காரவைக்கிறேன். இரண்டு கவரும் அவன் மடியில் இருக்கின்றன. ஒன்றைப் பிரித்துக் காகிதத்தைப் பாதி வெளியே எடுத்திருக்கிறான். சட்டைப் பையில் போன் மட்டும்தான். உங்கள் பையில் பேனா இருக்கிறது. அவன் கேட்டால் கொடுத்துவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரியலூர் வரப்போகிறது. அவன் இன்னும் கேட்கவில்லை.